காய்ச்சல் நாளுக்கும் ஒரு ‘பேர்’ வேண்டும்

2025 நவம்பர் 7 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்த முன்மொழிந்தது. அதன்மேல், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசின் பங்காக 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு. மொத்தம் 1,750 ரூபாய். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு வந்த உயர்வு இது, மகிழ வேண்டியதுதான். ஆனால் கணக்கைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். வேலைக்கு வந்தால் 1,750 என்றால், காய்ச்சலில் படுத்தால் போவதும் 1,750. சம்பளம் கூடக் கூட, நோயில் விழுவதன் விலையும் கூடுகிறது.

தோட்ட மக்களின் சுகாதாரம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் காப்புறுதி அட்டை, மருத்துவ உதவி, ஆஸ்பத்திரிக் கட்டடம் என்றே பேசுகிறோம். நோய் வந்த நாளின் சம்பளத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சப்ரகமுவவின் தோட்டங்களில் நோயை முற்றவைப்பதில் மருந்துத் தட்டுப்பாட்டுக்குச் சற்றும் குறையாத பங்கு இந்தச் சம்பள இழப்புக்கு உண்டு.

பேர், அரைப்பேர், பூச்சியம்

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு ‘பேர்’ என்று பெயர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் ஒன்றுமில்லை. மாதம் முடிந்ததும் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுப்பில் உலை ஏறும். பிள்ளைக்குக் கொப்பி வாங்கப்படும். கடைக்காரரின் பற்று தீரும்.

நகரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு, 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்துடன் தனிப்பட்ட விடுமுறை தருகிறது. காய்ச்சல் என்றால் அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். சம்பள நிர்ணய சபையின் கீழ் வரும் தோட்டத் தொழிலாளிக்கு அப்படியொரு நோய் விடுமுறை சட்டத்தில் இல்லை. ஆண்டு விடுமுறைச் சம்பளம் உண்டு. அதுவும் முந்தைய ஆண்டில் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. ஆக, சென்ற ஆண்டு நோயில் கிடந்தவருக்கு இந்த ஆண்டு விடுமுறையும் குறையும்.

வேலைத்தலத்தில் விழுந்து கால் முறிந்தால், 1934-இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு 1939-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. விபத்துக்கும் பிரசவத்துக்கும் வழி செய்த சட்டங்கள், எல்லோருக்கும் வரும் சாதாரணக் காய்ச்சலை மட்டும் விட்டுவிட்டன.

மழைக்காட்டில் தள்ளிப்போடும் காய்ச்சல்

இது சப்ரகமுவவில் ஏன் கூடுதலாகக் கடிக்கிறது? முதற் காரணம் மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. யட்டியந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் விடியற்காலை மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மழைக்குப் பறிகொடுத்த நாள்கள் ஏற்கெனவே நிறைய. எஞ்சிய நாளைக் காய்ச்சலுக்கு விட்டுக்கொடுக்க எவருக்கு மனம் வரும்?

அதே மழை எலிக்காய்ச்சலையும் கொண்டுவருகிறது. நாட்டில் இந்நோய் மிகுதியாகப் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரி முன்வரிசையில் நிற்கிறது. வயல், மாணிக்கக் குழி, ஈரமான காடு, நீர் தேங்கிய கான் என எங்கும் அது ஒளிந்திருக்கிறது. தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சலும் உடல் வலியும்தான். அப்போதே வைத்தியரிடம் போனால் மலிவான மருந்தில் தீர்ந்துவிடும். நாள்கள் தள்ளிப்போனால் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் பிடிக்கலாம். உயிரும் போகலாம்.

தெரணியகலைப் பக்கத்தில், லயம் என்னும் வரிசை வீட்டில் வாழும் பால்வெட்டும் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை மேல் சுடுகிறது. இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எழும்ப முடியவில்லை. கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மருந்து இலவசம், வைத்தியர் இலவசம், படுக்கை இலவசம். ஆனால் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்க ஆட்டோவுக்குக் காசு. துணைக்கு வரும் கணவனின் பேரும் போகிறது. மூன்று நாள் வார்டில் இருந்தால், இருவருக்குமாக ஆறு பேர் போய்விடும். 1,750 ரூபாய்க் கணக்கில் 10,500 ரூபாய். இலவச மருத்துவத்துக்கு ஒரு லயக் குடும்பம் கட்டும் கட்டணம் இது.

திங்கட்கிழமையே அவர் வைத்தியரிடம் போயிருக்கலாமே என்று கேட்பது எளிது. திங்கட்கிழமை அவர் கண்முன் இருந்தது போகப்போகும் பேர் ஒன்றுதான். நோய் இன்னும் தெரியவில்லை.

தோட்டத்து நோயாளி யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு 150 ஆண்டு வயது. ‘மருத்துவத் தேவைகள்’ என்ற பெயரில் 1872-லும் பின்னர் 1912-லும் பிரித்தானிய அரசு கொண்டுவந்த கட்டளைச் சட்டங்கள், தோட்டத்து நோயாளியைத் தோட்டத்தின் பொறுப்பில் வைத்தன. அக்காலத்துக்கு அது ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் கிராமத்தவன் அரசாங்கத்தின் நோயாளி, லயத்தவன் தொரையின் நோயாளி என்ற பிரிவினையும் அங்கேதான் வேர்விட்டது.

1934-35-இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களில் கேகாலை ஒன்று. மருந்தும் உணவும் சுமந்து கேகாலைக் கிராமங்களுக்குள் சென்ற இடதுசாரி இளைஞர்களில் என்.எம். பெரேராவும் ஒருவர், 1936-இல் ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். ஏழைக்கு மருத்துவம் அரசின் கடமை என்ற எண்ணம் இந்நாட்டில் வலுப்பெற்றதில் அந்தக் கொள்ளைநோய்க்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கடமை கிராமம் வரை வந்தது. தோட்டத்து வாசலில் நின்றது.

1992-இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மற்றவை இரண்டுக்கும் நடுவே தொங்குகின்றன. டிஸ்பென்சரிக் கட்டடம் இருக்கும். மருத்துவ உதவியாளர் இருக்க மாட்டார். இருந்தாலும் பல தோட்டங்களுக்கு ஒருவர். அவர் எந்த நாள் எந்தத் தோட்டத்துக்கு வருவார் என்பதற்கேற்ப நோய் காத்திருக்க வேண்டும்.

நுவரெலியாவைப் போலச் சப்ரகமுவவில் தோட்ட மக்கள் பெருந்தொகையினராக ஓரிடத்தில் இல்லை. இறக்குவானையில் கொஞ்சம், பலாங்கொடையில் கொஞ்சம், காவத்தையில் கொஞ்சம், புளத்கொஹுபிட்டியவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். குரலும் சிதறியே ஒலிக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்து, கேகாலை மாவட்டமெங்கும் மலை சரிந்து வழிகள் அடைபட்டபோது, எட்டாத இடத்தில் வைத்தியசாலை இருப்பது என்னவென்று எல்லோருமே அறிந்தோம். மேட்டு லயங்களில் இருப்பவர்களுக்கு அது புயலில்லாத நாளிலும் தெரிந்த உண்மை.

அட்டையா, சேமிப்பா?

மருத்துவச் செலவை எப்படித் தாங்குவது என்ற வாதம் உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில், காப்புறுதிக் கட்டணத்துக்கு அரசு தந்துவந்த கூடுதல் மானியம் 2025 முடிவில் காலாவதியாகும் நிலை வந்தது. அதற்குப் பதிலாக மக்களின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் நேரே பணம் போடலாம் என்று குடியரசுக் கட்சியினர் டிசம்பரில் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தனர். 50 வயதுக்குக் குறைந்தவருக்கு ஆண்டுக்கு 1,000 டொலர், அதற்கு மேற்பட்டவருக்கு 1,500 டொலர். செனட் சபையில் அது தேறவில்லை. எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது: பெருநோய் வந்தால் இந்தப் பணம் எத்தனை நாளைக்குக் காணும்?

மருத்துவச் சேமிப்பில் உலகுக்கு முன்னோடி சிங்கப்பூர். 1984-இல் ‘மெடிசேவ்’ தொடங்கினார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி மருத்துவத்துக்கென்றே சேர்ந்தது. ஆனால் சேமிப்பு மட்டும் போதாதென்று 1990-இல் காப்புறுதியையும், கணக்கில் ஒன்றுமில்லாத ஏழைகளுக்காக 1993-இல் ஓர் அரச நிதியையும் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று. மிஞ்சும் வருமானம் உள்ளவனுக்கே சேமிப்புக் கணக்கு உதவும்.

காப்புறுதி அட்டைக்கு வருவோம். அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017-இல் ‘சுரக்ஷா’ வந்தது. இடையில் நின்று மீண்டும் வந்தது. இவை நல்லவையே. ஆனால் பெரும்பாலான காப்புறுதிகள், முதலில் கையிலிருந்து செலவழி, பிறகு பற்றுச்சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கின்றன. முதலில் செலவழிக்கவே வழியில்லாதவர் நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பற்றுச்சீட்டை வாங்க முடியும். அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் படுத்தவரிடமோ காட்டுவதற்குப் பற்றுச்சீட்டே இருக்காது. அவர் இழந்தது சம்பளம். அதற்கு ரசீது தருவார் யார்?

காப்புறுதி என்றால் என்னவென்று லயத்து மக்களுக்குத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். தோட்டந்தோறும் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டி, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் கொடுக்கிறார்கள். எந்தக் கம்பனியின் உதவியுமின்றித் தாமே கட்டிய காப்புறுதி அது. செத்த பிறகு உதவி வரும் என்ற உறுதி அங்கே இருக்கிறது. சாகாமல் காப்பதற்கான உறுதிதான் இல்லை.

இருந்தும் எட்டாத பணம்

புதிய திட்டம் பேசுமுன், ஏற்கெனவே உள்ள பணத்தைப் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது எல்லோரும் ஈ.டி.எப். என்று சொல்லும் நிதிக்கு, தொழில் தருநர் சம்பளத்தில் 3 சதவீதம் கட்ட வேண்டும். 1,550 ரூபாய்ப் பேர் ஒன்றுக்கு 46 ரூபாய் 50 சதம். மாதம் 25 பேர் போடுபவரின் பெயரில் 1,162 ரூபாய் 50 சதம் சேரும்.

இது ஓய்வுக்காலத்துக்கு மட்டுமான பணம் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணில் வில்லை வைப்பது ஆகியவற்றுக்கும் அந்நிதியிலிருந்து உதவி உண்டு. சேமலாப நிதியான ஈ.பி.எப்.பிலும் ஒரு வழி இருக்கிறது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பத்து ஆண்டுகள் கட்டியவர், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். அமெரிக்கர்கள் இன்று வாதாடும் மருத்துவச் சேமிப்புக்கு நம் நாட்டுச் சாயல் இது. ஆனால் இதில் எடுப்பது கிழவயதுச் சோறு என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றைத் தோட்டத் தொழிலாளி பெறத் தடையாக நிற்பது என்ன? செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது எழுத்து. கணக்கில் பணம் சேர்கிறதா என்று பார்க்க வழி தெரியாது. சப்ரகமுவத் தோட்டத்தவர் சிங்களம் சரளமாகப் பேசுவார். படிவத்தை வாசித்து நிரப்ப இன்னொருவரைத் தேடுவார். அலுவலகத்துக்கு ஒருமுறை போனால் ஒரு பேர், மறுமுறை வரச் சொன்னால் இன்னொரு பேர்.

இன்னொரு கூட்டம் இந்தக் கணக்கிலேயே இல்லை. தோட்டத்தில் வேலை சுருங்கியதால், அயலிலுள்ள சிற்றுடைமைத் தேயிலைக் காணிகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்கள். கையில் அன்றன்று காசு கிடைக்கும். ஈ.பி.எப். இல்லை, ஈ.டி.எப். இல்லை, நட்டஈடு கேட்க முதலாளி என்று ஒருவரும் இல்லை.

அக்கரை உறவுக்கு உள்ளது

1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினருக்காக, தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ ஆனது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்தெடுக்கப் போன அந்த உறவுகளுக்கு, இந்தியாவின் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொருந்தியது. வைத்தியர் சான்று இருந்தால் நோய்க்கால உதவித்தொகை பெற அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது.

ஆலைத் தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கு இ.எஸ்.ஐ. என்னும் அரசுக் காப்புறுதி இருக்கிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். நோயில் விழுந்தால் மருத்துவம் மட்டுமல்ல, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளிகளும் விரும்பினால் தம் தொழிலாளரை அதில் சேர்க்க வழிவிட்டிருக்கிறது.

அந்த நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. டான்டீயும் இன்று நெருக்கடியில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே லயத்தில் பிறந்த இருவரில், கப்பலேறியவருக்குக் காய்ச்சல் நாளில் சட்டம் எதையாவது தந்தது. இறக்குவானையிலேயே தங்கிவிட்டவருக்கு இன்றுவரை எதையும் தரவில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, நோய்ப்பேர். கடை ஊழியருக்குள்ள அதே 7 நாளைத் தோட்டத் தொழிலாளிக்கும் சம்பள நிர்ணய சபை வழியாகச் சட்டமாக்க வேண்டும். 7 நாளும் எடுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,850 ரூபாய். ஆண்டில் 250 நாள் வேலைக்கு வருபவர் என்றால், ஒரு பேருக்கு ஏறத்தாழ 43 ரூபாய். கம்பனிகள் தாங்க முடியாத தொகை அல்ல. பொய்ச் சாட்டுச் சொல்லி நிற்பார்கள் என்ற அச்சத்துக்கு, அரசாங்க வைத்தியசாலைத் துண்டைக் கேட்பது போதும்.

இரண்டாவது, வருகைக் கொடுப்பனவு. இதற்கென அரசு 5,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. வைத்தியசாலைத் துண்டு காட்டும் 7 நாளுக்கும் அந்த 200 ரூபாயைக் கொடுக்கலாம். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,400 ரூபாய்க்கு மேல் போகாது. நோயில் கிடந்ததற்கு அரசே தண்டம் விதிப்பது போன்ற நிலை இதனால் மாறும்.

மூன்றாவது, ஈ.டி.எப்., தொழில் திணைக்களம், ஆட்பதிவுத் திணைக்களம் மூன்றும் சேர்ந்து தோட்டத்துக்கு வரும் நடமாடும் சேவை. ஞாயிற்றுக்கிழமையில், தமிழில். பெயர்த் திருத்தம், கணக்கு இருப்பு, மருத்துவ உதவி விண்ணப்பம் மூன்றையும் ஒரே மேசையில் முடிக்க வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதையும் அந்த மேசையில் சொல்ல வேண்டும்.

நான்காவது, நேரம். தோட்டங்களை அண்டிய வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவை வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஏழு மணி வரை திறந்து வைத்தால், கொழுந்து நிறுத்த பிறகு போய்வரலாம். பேரும் போகாது, காய்ச்சலும் முற்றாது. மூடிக் கிடக்கும் டிஸ்பென்சரிகளை மாகாண சுகாதாரத் திணைக்களம் ஏற்று, தமிழ் தெரிந்த ஊழியரை அமர்த்த வேண்டும்.

ஐந்தாவது, பாதை. ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசம். ஆனால் சக்கரம் ஏறும் வழி இருந்தால்தானே வரும்? ஒவ்வொரு தோட்டப் பிரிவிலிருந்தும் ஒரு பாதையையாவது அம்புலன்ஸ் பாதை என்று குறித்து, பிரதேச சபை முதலில் அதைத் திருத்தட்டும்.

ஆறாவது, கைக்காசுத் தொழிலாளர். சுயதொழில் செய்வோர் ஈ.டி.எப்.பில் சேரச் சட்டம் இடம்தருகிறது. அவர்களுக்கான முதலிரண்டு ஆண்டுப் பங்கை அரசு கட்டி உள்ளே இழுக்கலாம்.

பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சர் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவானவர். இந்த மலைகளின் மழையும் வழியும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவை அல்ல. தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சில், எத்தனை ரூபாய் உயர்வு என்ற கேள்வியோடு, எத்தனை நோய்ப்பேர் என்ற கேள்வியையும் மேசையில் வைக்க வேண்டும்.

மாதச் சம்பளத் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈ.பி.எப். கழிவு, சங்கச் சந்தா, முற்பணம் என்று பிடிப்பதற்குத்தான் எத்தனை வரிகள்! அதே துண்டில் ‘நோய்ப்பேர் - 7’ என்று ஒரு வரி சேர வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அது சேர்ந்தால், அந்தப் பால்வெட்டும் பெண் புதன்கிழமைவரை காத்திராமல் திங்கட்கிழமையே வைத்தியரிடம் போவார்.